லைன் பிடிக்கிற பிள்ளை

மரைக்கான்கட்டளையில் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த கட்டடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஜக்கரியாவின் டெலிபோன் பூத். அதற்கு முன்னால் அந்த இடத்தில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினார்கள். அதற்கும் முன்னால் யாரோ எருமை கட்டியிருந்தார்கள். நாட்டின் கதவைத் திறந்துவிட்டதாக டெல்லியில் சொல்லிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. திறந்த கதவு வழியாக என்னென்னவோ வந்ததாகப் பேப்பரில் போட்டார்கள். மரைக்கான்கட்டளைக்கு வந்து சேர்ந்தது ஒரு மஞ்சள் டெலிபோன் பெட்டிதான்.

ஊரில் பாதி ஆண்கள் அரபு நாட்டில் இருந்தார்கள். மீதிப் பாதி பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுத்து வைத்திருந்தார்கள். நஃபீசாவின் புருஷன் அஹமது கபீர் தமாமில் ஏசிக் குழாய் மாட்டுகிற கம்பெனியில் இருந்தான். போவதற்கு முன் வீட்டுக்கு போன் கேட்டு மனுப் போட்டிருந்தான். போனவன் ஒரு தடவை லீவில் வந்து, திரும்பியும் போய்விட்டான். மனு மட்டும் எங்கேயோ ஒரு மேசையில் லீவே எடுக்காமல் படுத்திருந்தது.

அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. கபீர் குளித்து, ஜும்மா தொழுது, போன் கடை வரிசையில் போய் நிற்பான். அவன் முறை வரும்போது இங்கே அஸர் தொழுகை முடிந்து வெயில் சாய்ந்திருக்கும். மணி அடிக்கும்போது எடுக்க ஆள் இருக்க வேண்டும். ஆளைத் தேடி ஓடுகிற நேரத்துக்கும் அங்கே ரியால் கரையும். பூத்தோ கடைத்தெருவில். துரைராசு டீக்கடைக்கு எதிரே, நூறு ஆம்பிளைக் கண்ணுக்கு நடுவில், ஒரு பெண்பிள்ளை மணிக்கணக்காக உட்கார முடியுமா? அதனால் ஊர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. வீட்டுக்கு ஒரு பிள்ளை போய் பூத்தில் உட்காரும். போன் வந்ததும் எடுத்து, உம்மா வரும்வரை வாப்பாவிடம் பேசிக்கொண்டிருக்கும். இதற்கு 'லைன் பிடிக்கிறது' என்று பெயர்.

உம்மாவுக்கு எப்படித் தெரியும்? அங்கேதான் ஜக்கரியா ஊரையே மயக்கினான். பூத்தின் பின்சுவரில், பொம்பளைகள் போகிற கொல்லைச் சந்தைப் பார்த்த மாதிரி, வரிசையாகக் கலர் பல்புகள் போட்டுவிட்டான். ஜன்னத் பீவி வீட்டுக்கு மஞ்சள். மூஸா வீட்டுக்குச் சிவப்பு. நஃபீசாவுக்குப் பச்சை. பல்பு எரிந்தால் முக்காட்டை இழுத்துக்கொண்டு சந்து வழியாக ஓடலாம். இப்படி ஒரு மூளை இந்த ஊரில் பிறந்ததே பெரிய விஷயம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் வேறு கொடுக்கிறான், சும்மா. ஜக்கரியா கபீருக்குச் சின்னம்மா மகன். தம்பி முறை. கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு என்ன வந்துவிடப் போகிறது? ஊரிலேயே பத்திரமான இடம் அதுதான் என்று எல்லாரும் நினைத்தார்கள். நஃபீசாவும் நினைத்தாள்.

வாரத்தில் மற்ற நாட்களில் அந்தப் பின்சுவரைப் பார்ப்பதில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்ற கொல்லைக்கு வருவாள், பார்ப்பாள். கோழியை விரட்ட வருவாள்; பார்ப்பாள். செவ்வாய்க்கிழமை பச்சை பல்பு எரிய ஒரு முகாந்தரமும் கிடையாது. இருந்தாலும் எரியாமல் இருக்கிற பல்புக்கும் ஒரு பச்சை இருக்கத்தானே செய்கிறது.

புரட்டாசிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, மகள் ஷமீரா தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாலாம் வகுப்பு படிக்கிற பிள்ளை.

"நான் போவல உம்மா."

"ஏன், கால்ல முள்ளு தச்சிடுச்சா?"

"வயித்த வலிக்குது."

"போன வெள்ளிக்கிழமையும் இதே வயிறுதான் வலிச்சிச்சு. கெழம பாத்து வலிக்கிற வயித்த நான் எங்கயும் கண்டதில்ல. தலய வாரிக்க வா."

"வாப்பாட்ட நீங்களே பேசிக்கிங்க. எனக்குப் பேச ஒண்ணுமில்ல."

நஃபீசாவின் கை சீப்போடு நின்றுவிட்டது. முன்னெல்லாம் இந்தப் பிள்ளை வியாழக்கிழமையே ஆரம்பித்துவிடும். வாப்பாவிடம் பல் விழுந்ததைச் சொல்ல வேண்டும், ஆடு குட்டி போட்டதைச் சொல்ல வேண்டும், டீச்சர் வழுக்கி விழுந்ததைச் சொல்ல வேண்டும். இன்றைக்குப் பேச ஒன்றுமில்லையாம். புருஷன் முகம் மகளுக்கு மறந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம், கைக்கு அகப்பட்ட பின்னலின் மேல் இறங்கியது.

"ஆ… வலிக்குது உம்மா."

"வலிக்கட்டும். அங்க ஒருத்தரு வெயில்ல நின்னு ஒன் கொரலக் கேக்கக் காத்துக் கெடக்காரு. ஒனக்குப் பேச ஒண்ணுமில்லயா? என்னடி இது, பாவாடைக்குள்ள இன்னொரு பாவாட? கல்யாணப் பொண்ணா நீ? வேவல?"

"வேவல."

பிள்ளை போயிற்று. கடைத்தெருத் திருப்பத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. நஃபீசா 'போ போ' என்று கையை வீசினாள். அந்தக் கையைத்தான் பிற்பாடு அவளால் மன்னிக்க முடியவில்லை.

அன்றைக்குப் பச்சை எரிய நேரமாயிற்று. சந்து வழியாக ஓடி ரிசீவரை வாங்கினால், கபீரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது.

"நபீ, புள்ள எல்லாத்துக்கும் 'ம்'முங்கிறா. என்ன கேட்டாலும் 'ம்'. என்னய மறந்துட்டாளா?"

"மறக்கிறதாவது. பொட்டப்புள்ள வளருதுல்ல, வெக்கம்."

"வாப்பாட்ட என்னா வெக்கம்?" என்றான். அதற்குள் லைன் கரகரத்தது.

அடுத்த புதன்கிழமை நெல் அவித்தார்கள். கபீரின் பங்குக்கு வந்த ரெண்டு மா நிலத்தில் குறுவை கண்டிருந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் அவித்துக் காயவைத்து மூட்டை கட்டிவிட வேண்டும். அவிப்பதற்குக் காளியம்மாள் வந்தாள். மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் அவள்தான் நெல் அவிப்பாள். அவள் பேச்சு நின்றால் அண்டாவில் கொதியும் நின்றுவிடும் என்று நஃபீசா சொல்வதுண்டு.

"நபீசாம்மா, தகர டிரம்முல கெடக்கிறதயும் கொட்டிரவா?"

"கொட்டுங்க காளியக்கா. எல்லாத்தையும் ஒரேயடியா ஊறப் போட்டுருவோம்."

டிரம்மைச் சாய்த்துத் தொட்டித் தண்ணீரில் நெல்லைத் தள்ளினாள் காளியம்மாள். பதர் மிதந்தது. பதரோடு வேறு என்னவோ மிதந்தது. கையால் அள்ளிப் பார்த்துவிட்டு வெற்றிலைச் சிரிப்புச் சிரித்தாள்.

"அரசாங்கத்துல புதுசா என்னா வெத குடுத்தாங்க? மிட்டாயில்ல வெளஞ்சிருக்கு!"

ஆரஞ்சு மிட்டாய். பளபளத் தாள் பிரிக்காதது. ஒன்று, இன்னொன்று, கை நிறைய. கலர் இறங்கித் தண்ணீர் லேசாகச் சிவந்தது.

"புள்ள சேத்து வச்சிருக்கு போலருக்கு," என்றாள் நஃபீசா.

"சேத்து வச்சிச்சா? என் மவ எழில்மொழிக்கு ஒரு மிட்டாயக் குடுங்க, தாளையும் சேத்து முழுங்கிட்டுத்தான் என்ன கலருன்னே கேப்பா. திங்காத மிட்டாய நெல்லுக்குள்ள பொதைக்கிற புள்ளய இப்பதாம்மா பாக்குறேன்." சொல்லிக்கொண்டே அடுப்பில் உமியை வீசினாள். வீசிய கை பாதியில் நின்றது. "யாரு குடுத்தது?"

"ஜக்கரியாதான். லைன் புடிக்கிற புள்ளைங்களுக்குக் குடுக்கிறான்."

காளியம்மாள் அதற்குப் பிறகு கொஞ்சநேரம் பேசவில்லை. அண்டாவில் கொதி நிற்கவும் இல்லை. நெல் வாய் பிளந்து, அவியல் வாசம் கொல்லை முழுக்க எழுந்தது. நஃபீசா அந்த மிட்டாய்களை முந்தானையில் முடிந்துகொண்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. வீசியெறிய மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஷமீரா காலையிலிருந்தே முகம் சுண்டிக் கிடந்தாள். "நீ வூட்டுல இரு, நான் போறேன்," என்று நஃபீசா சொன்னபோது பிள்ளை நிமிர்ந்து பார்த்த பார்வை, பரீட்சையில் பாஸ் என்று சொன்னால் பார்க்கிற பார்வையில்லை. தூக்குக்கயிறு அறுந்துவிட்டது என்றால் பார்க்கிற பார்வை. கறுப்புத் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு, சந்து வழியாக இல்லாமல், நேரே கடைத்தெரு வழியாகவே அவள் போனாள். துரைராசு டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"அடடே, லாத்தா! ஷமீ எங்க? அவ இல்லாம பூத்தே வெறிச்சுன்னு கெடக்கு," என்றான் ஜக்கரியா. வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம், சிரித்த முகம். மேசைமேல் கண்ணாடிப் பாட்டில் நிறைய ஆரஞ்சு மிட்டாய்.

"ஒடம்பு சரியில்ல. நான் உக்காந்துக்கிறேன்."

"நீங்க எதுக்கு? பல்பு போடறேன், வூட்டுல இருங்க."

"பரவால்ல தம்பி. காத்தாடி ஓடுதுல்ல உள்ள. உக்காந்துக்கிறேன்."

உள் அறை ஒரு ஆள் நிற்கிற அளவு. கண்ணாடியில் வெயிலுக்கென்று நீலத் தாள் ஒட்டியிருந்தான், அடியிலிருந்து நஃபீசாவின் நெஞ்சு மட்டத்துக்கு. நின்றால் எல்லாம் தெரிந்தது. துரைராசு, வாழைத்தார், பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்கள், பள்ளிவாசல் மினாரா. தெருவுக்கும் அவள் தலை தெரிந்திருக்கும். அங்கே ஒரு குட்டை ஸ்டூல் கிடந்தது. பிள்ளைகள் உட்காருவதற்கு. நஃபீசா அதில் உட்கார்ந்தாள்.

தெரு அணைந்துபோயிற்று.

துரைராசு இல்லை, வாழைத்தார் இல்லை, மினாரா இல்லை. சுற்றிலும் நீலம். தண்ணீருக்குள் போட்ட மாதிரி இருந்தது. எழுந்தாள், தெரு வந்தது. உட்கார்ந்தாள், போயிற்று. கண்ணாடி பத்திரம், கண்ணாடி பத்திரம் என்று ஊரே சொன்னபோது, ஊர் நின்றுகொண்டு பார்த்தது. பிள்ளை உயரத்துக்கு ஒருத்தரும் குனிந்து பார்க்கவில்லை.

கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது. புதுசு. திருகாணி மினுமினுத்தது. போன் பேசுகிற அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் எதற்கு? புதன்கிழமையிலிருந்து முந்தானையில் கிடந்த மிட்டாய் முடிச்சு மடியில் கனத்தது.

மணி அடித்தது. எடுத்தாள்.

"ஷமீ?" என்றான் கபீர். எடுத்ததும் மகள் பெயர்.

"நான்தாங்க."

"நபீ! நீயேவா? புள்ள எங்க? கோவமா என்மேல?"

வெளியே ஜக்கரியா மீட்டரைத் துடைத்துக்கொண்டு, காது கொடுத்துக்கொண்டு நின்றான். நஃபீசா அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"நல்லா இருக்கா. நெல்லு அவிச்சோம். மழ வர்ற மாரி இருக்கு."

"கொரல் ஏன் இப்புடி இருக்கு?"

"லைன் சரியில்லங்க. அடுத்த வாரம் பேசுறேன்."

கல்யாணமான நாளிலிருந்து முதல்தடவையாக, அவன் வைப்பதற்கு முன்னால் அவள் ரிசீவரை வைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. அவித்த நெல்லைக் கொல்லைக் களத்தில் பரப்பியிருந்தார்கள். உம்மாவும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் காலால் துழாவிக்கொண்டே நடந்தார்கள். காலைத் தேய்த்துக்கொண்டு போனால் நெல்லில் பாத்தி பாத்தியாகக் கோடு விழும். அடிநெல் மேலே வந்து வெயில் குடிக்கும். முகத்தை முகம் பார்க்க வேண்டியதில்லாத வேலை. கிழக்கே, நாகப்பட்டினத்துப் பக்கம், வானம் கறுத்திருந்தது. கொல்லைக் கோடியில் காளியம்மாள் சாக்கு தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஷமீ, இனிமே நீ லைன் புடிக்கப் போவ வேணாம்."

பக்கத்தில் கோடு நின்றது.

"இந்த வாரமா?"

"எப்பவும்."

"அப்ப பச்ச பல்பு?"

"பல்பு கெடக்குது. நீதான் எனக்கு முக்கியம்." கோடு மறுபடி நகர்ந்தது. நஃபீசாவும் கூடவே நகர்ந்தாள். "அங்க ஒனக்குப் புடிக்காதது எதாச்சும் நடந்துச்சாம்மா? என்னா சொன்னாலும் உம்மா கோவப்பட மாட்டேன். நீ சொல்றத நம்புவேன்."

பிள்ளை களத்தின் ஓரம்வரை போய்த் திரும்பியது. திரும்பி வரும்போது காலைப் பார்த்துக்கொண்டே சொன்னது.

"சொன்னா பச்ச பல்பு எரியாதுன்னாரு."

"யாரு?"

"ஜக்கரியா சாச்சா. யாருட்டயாச்சும் சொன்னா லைன் கட்டாயிடும், அப்பறம் உம்மா வாப்பாட்ட பேசவே முடியாதுன்னாரு." கொஞ்சம் நடை. "நீங்க இங்கதானே நின்னு பல்பையே பாத்துக்கிட்டு இருப்பீங்க. அதான் சொல்லல. சொல்லாம சும்மா போவலன்னா நீங்க திட்டுவீங்க, ஆனா பல்பு எரியும்ல. அதான்."

முதல் தூறல் நெல்மேல் விழுந்தது. பிள்ளை பேசிக்கொண்டிருந்தது. உள்தாழ்ப்பாளைப் பற்றி, அத்தர் வாசத்தைப் பற்றி, வேண்டாம் என்று சொன்னதைப் பற்றி, வேண்டாம் என்று சொன்ன பிறகும் என்ன ஆயிற்று என்பதைப் பற்றி. கணக்குப் பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னது. அதை நஃபீசா பிற்பாடு சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் சொன்னாள். வேறு யாருக்கும் சொன்னதில்லை.

"நபீசாம்மா! மழ! மழ வந்துருச்சி! நெல்ல அள்ளுங்க, நெல்லு போச்சு!" காளியம்மாள் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

தஞ்சாவூர்ச் சீமையில் காய்கிற நெல்லின்மேல் மழை இறங்கினால் பிள்ளைபெற்ற வீட்டுக்காரியும் எழுந்து ஓடுவாள். நஃபீசா அசையவில்லை. பிள்ளை பேசி முடிக்கவில்லை. இப்போது 'சாக்கை எடு' என்று ஒரு வார்த்தை நடுவில் விழுந்தால் இந்த வாய் இனி எப்போது திறக்குமோ? குனிந்து, மகள் உயரத்துக்கு உட்கார்ந்தாள். அவித்த நெல்லில் மழைத் தண்ணீர் ஊறி, இரண்டு பேர் போட்ட கோடுகளும் கரைந்தன. பக்கத்தில் வந்துவிட்ட காளியம்மாள், அந்த முகங்களைப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டாள். சாக்கை நெல்லின்மேல் போடவில்லை. பிள்ளையின் தலைமேல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்மேல தப்பா உம்மா? மிட்டாய வாங்குனேன்ல?"

"ஒன்மேல ஒரு தப்பும் இல்ல. மிட்டாய் வாங்குனதுல என்னா தப்பு? குடுத்தவன்மேல இருக்கு. வலிக்குதுன்னு சொன்ன வயித்த நம்பாத என்மேல இருக்கு."

கபீரின் அண்ணன் நெய்னா முகம்மது அரிசி மண்டி வைத்திருந்தார். ஊரில் எந்தப் பஞ்சாயத்துக்கும் அவர் வராமல் காப்பி வராது. மழை விட்டதும் நஃபீசா அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லி முடித்ததும், எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"சத்தமாப் பேசாதம்மா."

"மெதுவாத்தான் பேசுறேன் மச்சான்."

"இது மெதுவாப் பேசுனாலும் சத்தமாக் கேக்கிற விசயம். அவன நான் கூப்புட்டுக் கண்டிக்கிறேன். நீ புள்ளய அனுப்பாத. அவ்வளவுதான், முடிஞ்சிச்சு."

"மத்த வூட்டுப் புள்ளைங்க?"

"மத்த வூட்டுப் புள்ளைங்கள மத்த வூட்டுல பாத்துக்குவாங்க. பொம்பளப் புள்ளம்மா. நாளைக்கு ஒரு எடத்துல குடுக்க வேணாமா? பேரு என்னத்துக்கு ஆவும்?"

"பேர யாராச்சும் ரிப்பேரு பண்ணணும்னு நான் வரல. எம்புள்ள பேருல ஒரு கொறயும் இல்ல."

"கபீருக்குத் தெரிஞ்சா வேலய வுட்டுட்டு ஓடியாந்துருவான். அப்பறம் யாரு சோறு போடறது? இன்னொண்ணு…" குரலை இன்னும் தாழ்த்தினார். "ஊருக்கே இருக்கிறது ஒரு வெளிநாட்டு லைனு. அதுவும் மூடிட்டா ஊரு எப்புடிப் பேசும்?"

நஃபீசா எழுந்தாள். "நீங்களும் பல்பு எரியாதுன்னுதான் சொல்றீங்க மச்சான். அவன் புள்ளய மெரட்டுனதும் அதச் சொல்லித்தான்."

நாற்பது பஞ்சாயத்தில் பேசிய அந்த வாய் திறப்பதற்குள் இவள் படியிறங்கிவிட்டாள்.

நேரே ஜன்னத் பீவி வீடு. அவள் மகள் சபிஹா மஞ்சள் பல்புக்கு லைன் பிடிக்கிற பிள்ளை.

"ஜக்கரியாவா?" என்றாள் ஜன்னத் பீவி. "எம்புள்ள மூக்க ஒழுக்கிக்கிட்டு போனாக்கூடத் தொடைச்சி வுட்டு அனுப்புறவன். ஒன் மவளுக்கு சினிமா பாத்துப் பாத்துக் கண்டதும் தோணுது. டிவிப் பொட்டிய மூடு மொதல்ல."

"லாத்தா, ஒரு தடவ அந்த ஸ்டூல்ல உக்காந்து பாருங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம். சபிஹாட்ட கோவப்படாம கேளுங்க."

கதவு சாத்திக்கொண்டது. நஃபீசா சந்தில் நின்றாள். பின்சுவரில் பல்புகள் வரிசையாக, எதுவும் தெரியாத மாதிரி இருந்தன.

அன்று சாயங்காலம் கொல்லைக் கதவு தட்டப்பட்டது. ஜன்னத் பீவி. முக்காடு ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஒரு கையில் சபிஹாவின் கை. கண் வீங்கியிருந்தது, உம்மாவுக்கு.

"நாளைக்கி நாகப்பட்டினத்துக்கு மொத பஸ்ஸு எப்ப?" என்றாள்.

மறுநாள் மகளிர் காவல் நிலையத்துக்கு இரண்டு உம்மா, இரண்டு பிள்ளை, கூடவே காளியம்மாள். "நீங்க எதுக்கு காளியக்கா? கூலி போயிடும்" என்று நஃபீசா சொன்னதற்கு, "நனஞ்ச நெல்லு அதுவா காயட்டும், எனக்கும் ஒரு பொட்டப்புள்ள இருக்குல்ல" என்றாள். இன்ஸ்பெக்டரம்மா பிள்ளைகளைத் தனித்தனியாக, ஆனால் உம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேட்டார். தொப்பியைக் கழற்றி மேசைக்கு அடியில் வைத்துவிட்டுக் கேட்டார். ஷமீரா, களத்தில் சொன்னதை மறுபடி சொன்னாள். நடுவில் ஒரு தடவை மட்டும் காளியம்மாளின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

ஜக்கரியாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கேஸ் நடந்தது; மெதுவாக, பாசன வாய்க்கால் கடைமடைக்குப் போகிற வேகத்தில், ஆனால் நடந்தது. பூத்துக்குப் பூட்டு விழுந்தது.

ஊர் துக்கம் கொண்டாடியது. பிள்ளைகளுக்காக இல்லை, லைனுக்காக. ஜென்மத்தில் ஒரு போன் வராதவர்கள்கூட, வர இருந்த முக்கியமான போன் ஒன்று போய்விட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள். சந்தில் போனால், "லைன அறுத்த மகராசி வர்றா" என்று காதில் விழுகிற மாதிரி முணுமுணுத்தார்கள். ஆனால் ஒரு விசித்திரம். முணுமுணுத்தவர்களில் ஒருத்தியும் அதற்குப் பிறகு எந்தக் கடைக்கும் பிள்ளையைத் தனியாக அனுப்பவில்லை. சிலர் ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் பிள்ளையிடம் மெதுவாக எதையோ கேட்டார்கள். நஃபீசாவிடம் யாரும் நன்றி சொல்லவில்லை. மூஸா வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வட்டலாப்பம் இனிப்பு மட்டும் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமைகள் கொடுமையானவை. அங்கே கபீர் வரிசையில் நின்று, முறை வந்து, எண்ணைச் சுழற்றுவான். பூட்டிய கண்ணாடிக்குள் மணி அடிக்கும். அடிக்கிற சத்தம் சந்தில் கேட்டது. நஃபீசா கொல்லையில் நின்று கேட்பாள். இது கபீராக இருக்கும். இல்லை, ஜன்னத் பீவியின் புருஷனாக இருக்கும். எரியாத பல்புகளுக்குக் கீழே நின்று, யாருடைய புருஷன் கூப்பிடுகிறான் என்று தெரியாமல், ஊர்ப் பொம்பளைகள் அவரவர் கொல்லையில் நின்று கேட்டார்கள். மணி ஓய்ந்ததும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். அவன் சாப்பிட்டானா, கம்பெனியில் கம்பளி கொடுத்தார்களா, போன மாசம் வெட்டிய விரல் ஆறிவிட்டதா என்று கேட்க நஃபீசாவுக்கு எவ்வளவோ இருந்தது. உலைத் தண்ணீரிடம் கேட்டாள்.

ஷமீராவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மணி அடிக்கும்போதெல்லாம் உம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். தான் சொன்னதால்தானே என்று அந்தக் கண் கேட்கும். "சொன்னதுனாலதான் நல்லதாப் போச்சு" என்று நஃபீசா ஒவ்வொரு தடவையும் சொன்னாள். பிள்ளை தலையாட்டும். நம்பிய தலையாட்டல் இல்லை. சொன்னால் லைன் கட்டாகும் என்று ஒருத்தன் சொன்னான், லைன் கட்டாகிவிட்டது. பிள்ளைக் கணக்கில் அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

கார்த்திகையில் மூஸா லீவு முடிந்து தமாம் கிளம்பினான். கீழ்வேளூர் பஸ் ஸ்டாண்டு பூத் நம்பரை அவனிடம் நஃபீசா மனப்பாடமாகச் சொல்லச் சொன்னாள். வெள்ளிக்கிழமை அஸருக்கு அங்கே இருப்பேன் என்று அவரிடம் சொல்லிவிடு, வேறு எதுவும் சொல்லாதே, மீதியை நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை உம்மாவும் மகளும் பஸ் ஏறினார்கள். ரெண்டு பக்கமும் சம்பாப் பயிர் தண்ணீருக்குள் பச்சையாக நின்றது. எவ்வளவு பச்சை! நஃபீசா அதைப் பார்க்காமல் மடியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கீழ்வேளூர் பூத் ரெத்தினம் என்கிற பெரியவருடையது. உள் அறைக் கண்ணாடியில் ஒன்றும் ஒட்டவில்லை. இருந்தாலும் ஷமீரா வாசலிலேயே நின்றுவிட்டாள். நஃபீசா சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆட்டோ ஸ்டாண்டு ஓரமாகக் கிடந்த செங்கல் ஒன்றைத் தூக்கிவந்து, அறைக் கதவை விரியத் திறந்து, அடியில் முட்டுக்கொடுத்தாள்.

"கதவச் சாத்திக்கிங்கம்மா," என்றார் ரெத்தினம். "பஸ் ஸ்டாண்டு. ஒண்ணும் காதுல விழாது."

"தொறந்தே இருக்கட்டும் அய்யா."

"அப்ப டிரைவர், கண்டக்டரு எல்லாரையும் சேத்துக்கிட்டுத்தான் பேசணும்."

"பேசிக்கிறோம்."

மணி அடித்தது. எடுத்ததும் கபீர், "நபீ, நபீ" என்று இரண்டு தடவை சொன்னான். பிறகு அவள் சொன்னாள். அழாமல், சுருக்கமாக, யார் என்ன செய்தான், பிள்ளை எப்படிச் சொன்னாள், எங்கே போனோம் என்று. மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. கடல் தாண்டி வருகிற மூச்சு.

"நான் வந்துடுறேன்," என்றான் கடைசியில். குரல் உடைந்திருந்தது.

"வாங்க. அதுக்கு முந்தி அவட்ட பேசுங்க. அதப் பத்திக் கேக்காதீங்க. அவளா சொன்னாக் கேட்டுக்கிங்க. சொல்லலன்னா மழ, நெல்லு, எதையாச்சும் கேளுங்க. அழுவாதீங்க."

ரிசீவரை நீட்டினாள். ஷமீரா வாசலிலிருந்து செங்கல்லைப் பார்த்தாள். திறந்த கதவைப் பார்த்தாள். ஒரு கால் வெளியே இருக்கும்படி உள்ளே வந்தாள். ரிசீவரை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"வாப்பா."

அங்கிருந்து என்ன வந்தது என்று நஃபீசாவுக்குக் கேட்கவில்லை. பிள்ளை முதலில் "ம்" என்றது.

பிறகு பிள்ளை ரிசீவரின் வயரைப் பார்த்தது. வயர் சுவரில் ஏறிப்போகிற இடத்தைப் பார்த்தது. மூச்சை இழுத்துக்கொண்டது.

"வாப்பா, நான் உம்மாட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். நஃபீசாவும் காத்திருந்தாள். தமாமில் ரியால் கரைந்துகொண்டிருந்தது.

"இருக்கீங்களா?"

சட்டென்று உம்மாவின் பக்கம் திரும்பினாள். நாலு மாசமாகக் காணாமல்போயிருந்த ஒரு முகம் அங்கே இருந்தது.

"இருக்காங்க உம்மா! கட்டாவல!"

அதற்குப் பிறகு நிற்கவில்லை. நெல் நனைந்தது, மக்கிய வாடை அடித்த சோற்றை ஒரு மாசம் சாப்பிட்டது, காளியம்மாள் போலீஸ்காரம்மாவிடமே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டது, ஆட்டுக்குட்டிக்குக் கொம்பு முளைத்தது. நாகப்பட்டினம் பஸ் ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டு ஸ்டாண்டுக்குள் நுழைந்தது. பூத்தே அதிர்ந்தது. தமாமில் அவன் காதைப் பொத்திக்கொண்டு ஏதோ கேட்டிருக்க வேண்டும். பிள்ளை இரைந்து, பஸ் ஸ்டாண்டே கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"பஸ்ஸு வாப்பா, பஸ்ஸு! கதவு தொறந்துருக்கு, அதான்!"